வண்டி வராத நாளிலும் படலை நாறாமல் இருக்க

யாழ்ப்பாண நகரத்தில் குப்பையைப் பற்றிக் கதை எடுத்தால், எந்த ஒழுங்கையிலும் கேட்கிற பேச்சு மூன்றுதான். "நாலு நாளா வண்டியைக் காணேல்லை" என்பது ஒன்று. "பிரிச்சுக் குடுத்தாலும் அவை ஒண்டாத்தானே கொட்டுகினம்" என்பது இன்னொன்று. மூன்றாவது, "வரி கட்டுறம், அள்ளுறது அவையின்ர வேலை". மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் கொஞ்சம் நின்று கேட்டால், மூன்றுக்கும் அடியில் கிடக்கிற உபத்திரவம் நாற்றம்தான் என்பது தெரியும். வண்டி நாலு நாள் பிந்தினால் கடதாசிக்கும் போத்தலுக்கும் ஒன்றும் ஆகாது. மீன் செதிலும் தேங்காய்ச் சக்கையும் நேற்றைய சோறும் ஒரே சொப்பிங் பையில் கிடந்தால் இரண்டாம் நாள் புழு நெளியும், மூன்றாம் நாள் நாய் கிழிக்கும், நாலாம் நாள் பக்கத்து வீட்டாரோடு முகம் கோணும்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது ஈரக் குப்பையை வளவுக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது. அதைச் சரியாகச் செய்த வீட்டுக்காரர் வண்டியைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிடுகிறது. முன்னர் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், பத்து நாளுக்கு ஒருதரம் உலர்ந்த சாக்கொன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள்.

வரிப் பேச்சைக் கொஞ்சம் பார்ப்போம். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம். தெருவைத் துப்புரவாக வைத்திருப்பதையும் வீட்டுக் குப்பையை அகற்றுவதையும் அது சபையின் கடமையாகவே எழுதியிருக்கிறது. அள்ளிய குப்பை சபையின் சொத்து என்றும் சொல்கிறது. எனவே "அவையின்ர வேலை" என்பவர் சட்டப்படி பிழையாகச் சொல்லவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சோலைவரி வீட்டின் பெறுமதியைப் பார்த்து வருகிறதே தவிர, குப்பையின் நிறையைப் பார்த்து வருவதில்லை. நாளுக்கு இரண்டு வாளி கொடுக்கிற வீடும் கிழமைக்கு ஒரு வாளி கொடுக்கிற வீடும் அதனால் வேறுபடுவதில்லை. குறைத்தவருக்குக் கையில் ஒரு பயனும் தெரியாததால்தான் "நான் ஏன் மினக்கெட வேணும்" என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பயன் வளவுக்குள் தெரியவேண்டும். அதற்கு, ஈரக் குப்பை உக்கி வருகிற பசளையை விடக் கண்ணுக்குத் தெரிகிற பொருள் வேறில்லை.

எல்லைக் குழப்பமும் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. பக்கத்துத் திருநெல்வேலி, கொக்குவில் பகுதிகள் நல்லூர்ப் பிரதேச சபைக்குரியவை. எல்லை ஓரத்தில் குடியிருப்பவர் பலருக்குத் தங்கள் ஒழுங்கை எந்தச் சபைக்கு உரியது என்பது தெரியாது. வரிப் பற்றுச்சீட்டின் தலைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஒரு சபைக்கு முறைப்பாடு கொடுத்து, "இது எங்கட எல்லை இல்லை" என்ற பதிலோடு திரும்பி, பிறகு சந்திக் குப்பைத் தொட்டியில் பையை எறிந்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். சந்தித் தொட்டிகள் நிரம்பி வழிவதற்கு அந்த ஒழுங்கைக்காரர் மட்டும் காரணம் அல்ல. வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கொழுவி வந்து போட்டுவிட்டுப் போகிற பைகளும் அங்கேதான் சேர்கின்றன. தொட்டியை எடுத்துவிட்டு வீட்டுப் படலையில் அள்ளுகிற முறை வந்த இடங்களிலும், பழைய தொட்டி இருந்த நிலத்தில் சில மாதம் பை விழுந்துகொண்டுதான் இருக்கும். அந்த இடத்தை அன்றே துப்புரவாக்கி, இரண்டு பூச்சாடியோ கல்லோ வைத்து மறித்தால் சீக்கிரம் நிற்கும். வெறும் நிலமாக விட்டால் நிற்காது.

நகரம் முழுவதற்கும் ஒரே அட்டவணை பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் வீடுகள் நெருக்கம், வளவு இல்லை, மீன் கழிவு நாளாந்தம். சுண்டிக்குளி, நல்லூர்ப் பக்கம் இரண்டு மூன்று பரப்புக் காணியில் மாவும் பலாவும் வேம்பும். அங்கே குப்பையில் பாதி சருகு. கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதிக் கடைகளில் கடதாசி மட்டையும் பொலித்தீனும். குருநகர்க்காரர் "ஒவ்வொரு நாளும் வரவேணும்" என்பதும், சுண்டிக்குளிக்காரர் "சருகை எடுக்கிறாங்கள் இல்லை" என்பதும் இரண்டு வேறு பிரச்சினைகள். இரண்டையும் ஒரே முறைப்பாடாகக் கொண்டுபோனால் ஒன்றும் தீராது.

ஒரு கிழமை உங்கள் வீட்டுக் குப்பையை நிறுத்துப் பாருங்கள். கைத்தராசு போதும். நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வரை வரும். அதில் பாதிக்கு மேல் குசினிக் கழிவு: மரக்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை. பொலித்தீன் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், நிறையில் சின்னதுதான். எனவே நிறையையும் நாற்றத்தையும் தருகிற பாதியை வீட்டிலேயே நிறுத்தினால் மிச்சம் இலேசானது.

இனிக் கூட்டெருத் தொட்டி. அடியில் கதவு வைத்த பிளாஸ்ரிக் பீப்பாய் நகரத்தில் பல வீடுகளில் இருக்கிறது. அவற்றில் பல இன்று கவிழ்ந்து கிடக்கின்றன, அல்லது பொச்சு அடுக்கப் பயன்படுகின்றன. காரணம் கேட்டால் "மணக்குது, புழு வருது" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே குசினிக் கழிவு மட்டும் கறுத்துச் சளசளவென்று கிடக்கும், ஒரு சருகும் இருக்காது. தொட்டியைக் குப்பை வாளியாகப் பாவித்ததுதான் பிழை. ஒரு பங்கு குசினிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, கனவளவில், கட்டாயம் வேண்டும். சருகு இல்லாவிட்டால் காற்றுப் போக இடமில்லை. காற்றுப் போகாத இடத்தில் உக்குவதில்லை, அழுகுகிறது. அழுகும்போது வருகிற கூழ்முட்டை மணத்தைத்தான் எல்லாரும் பசளையின் மணம் என்று நினைத்துக் கைவிடுகிறார்கள்.

வைக்கிற இடம் முக்கியம். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, பாதி நிழலில், மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில். அடியைத் துப்புரவாக்கி, சின்னக்கண் கம்பிவலைத் துண்டொன்றை விரித்து அதன்மேல் தொட்டியை வைத்தால் எலியும் பெருச்சாளியும் கீழால் தோண்டி வராது. முதல் அரை அடிக்குக் காய்ந்த குச்சி, கத்தரிச்செடித் தண்டு, உரித்த பொச்சு. பிறகு ஒரு அடுக்கு குசினிக் கழிவு, அதன்மேல் சருகு, மேலே ஒரு சிரட்டை பழைய பசளை அல்லது சாணிக் கரைசல். ஒவ்வொரு நாளும் போட்டதைச் சருகால் மூடிவிட வேண்டும். பழ ஈ வருவது மூடாத மேற்பரப்பில்தான். பக்கத்தில் ஒரு சாக்கு நிறையச் சருகு எப்போதும் நிற்கவேண்டும். நாலடி தள்ளி நின்றாலே மூட மறந்துவிடுவார்கள்.

கிழமைக்கு ஒருக்கால் ஒரு தடியாலோ தோட்ட முள்ளுக் கரண்டியாலோ கிளறிவிடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துக் கையால் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு கூட்டவேண்டும். பிடித்தது உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கவேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை எங்கள் வெயிலில் தொட்டி காய்ந்துபோகும், எறும்பு குடியேறும். எறும்பைக் கண்டால் இரண்டு மூன்று கோப்பை தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மறுபுறம், மூடி கழன்றால் ஒரே மழையில் சதசதவென்று ஆகிவிடும். அப்போது சருகு ஈரமாயிருக்கும், கிடைக்காது. ஆகவே புரட்டாதிக்குள் மூன்று நாலு சாக்குச் சருகைக் கூரையின் கீழ் அடுக்கிவைப்பவர்தான் மாரியிலும் தொட்டியைக் கைவிடாமல் நடத்துகிறார்.

எல்லா இலையும் ஒன்றல்ல. முருங்கை, கிளிசரியா இலை இரண்டு மூன்று கிழமையில் காணாமல் போகும். மாவிலையும் பலாவிலையும் தடிப்பு. அப்படியே போட்டால் தட்டுத்தட்டாக ஒட்டி நீர் புகாமல் மூடிவிடும். கத்தியால் நறுக்கியோ, சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கியோ போடவேண்டும். காவோலை தொட்டிக்கு வேண்டாம். தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்ப்பது எங்கள் ஊரின் பழைய வழக்கம், இன்றும் அதுவே நல்லது.

போடக்கூடாதவை: உப்புக் கூடின குழம்பு, ஊறுகாய், பால், பொரித்த எண்ணெய், எலும்பு. கிணற்றுத் தண்ணீரே சில இடங்களில் உவர். அதோடு உப்புக் குழம்பும் சேர்ந்தால் அந்தப் பசளை போட்ட கத்தரிக்கன்று நுனி கருகும். சோறு ஒரு பிடி பரவாயில்லை, சட்டியளவு வேண்டாம்.

புழுவைக் கண்டு பயப்படுகிறார்களே, அதில் இரண்டு வகை உண்டு. சாம்பல் நிறத்தில் தட்டையாக, அரிசியை விடப் பெரிதாகக் கூட்டமாக நெளிவது கழிவைத் தின்று தீர்க்கிற நல்ல புழு, விட்டுவிடலாம். பெருவிரல் மொத்தத்தில் வெள்ளையாக, பிறைபோல் வளைந்து, மண்ணிறத் தலையோடு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வண்டு வளர்ந்து தென்னங்குருத்தைத் துளைக்கும். கிளறும்போது கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தென்னைக்கு அடியிலே தொட்டி வைக்கவேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டரை மூன்று மாதத்தில் அடிக்கதவைத் திறந்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு பசளை வரும். அரித்து, கட்டியை மீண்டும் மேலே போடுங்கள்.

வளவு இல்லாத வீட்டுக்கு 20 லீற்றர் பெயின்ற் வாளி மூன்று போதும். அடியில் ஏழெட்டு ஓட்டை, பக்கத்தில் மேல்பாதியில் பத்துப் பன்னிரண்டு, எல்லாம் பென்சில் மொத்தத்தில். இரண்டு செங்கல்லின் மேல் வைத்துக் கீழே ஒரு தட்டு. அடியில் மூன்று விரற்கடைத் தும்புத்தூள், பிறகு நாளாந்தக் கழிவு, அதன்மேல் ஒரு பிடி தும்புத்தூள். கழிவைச் சின்னனாக நறுக்கிப் போட்டால் வாளி நிரம்ப இரண்டு மூன்று கிழமை ஆகும், ஏனென்றால் போட்டது தாழ்ந்துகொண்டே போகும். நிரம்பியதை மூடி ஒதுக்கிவைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். மூன்றாவது நிரம்பும்போது முதலாவது ஓரளவு உக்கியிருக்கும். மீன் செதில், குடல், தலை வாளிக்கு ஒத்துவராது. நிலம் கொஞ்சம் இருந்தால் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வைக்கவேண்டும்; ஒரு அடியில் புதைத்தால் அன்றிரவே நாய் தோண்டும். நிலமே இல்லாதவர் மீன் கழிவைப் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்து, வண்டி வருகிற காலையில் எடுத்துக் கொடுக்கலாம். முகம் சுளிப்பார்கள், ஆனால் நாறாது.

சருகை எரிப்பது பற்றி. காலையில் முற்றம் கூட்டி, மூலையில் குவித்து, நெருப்பு வைப்பது தலைமுறைப் பழக்கம். முன்பு அந்தக் குவியலில் இலையும் ஓலையும்தான் இருந்தன. இன்று அதற்குள் பிஸ்கற் உறையும் சொப்பிங் பையும் ரெஜிபோம் பெட்டியும் போகின்றன. முற்றத்து நெருப்பு அவற்றை முழுதாக எரிக்கும் சூடு கொண்டதல்ல. அரைகுறையாக எரியும்போதுதான் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகின்றன. சாம்பல் வேறு. எங்கள் நிலம் மெல்லிய மண் மூடிய சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் வெடிப்புகளூடாக வடிந்து போய்ச் சேருவது நாம் அள்ளிக் குளிக்கிற கிணற்றுக்குத்தான். பற்றரி எரிந்த சாம்பல் என்றால் அதிலிருக்கிற உலோகமும் கூடவே போகும். 2017 செப்ரெம்பர் 1 முதல் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது நாடு முழுவதும் தடை. அதே நாளில்தான் சோற்றுப் பாசல் கட்டுகிற லஞ்ச் சீற்றுக்கும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது.

ஆனால் தடை வந்த பிறகும் சோற்றுப் பாசல் பிளாஸ்ரிக் தாளில்தான் பல கடைகளில் கட்டப்படுகிறது. அந்தத் தாளைக் கையாளும் விதம் ஒன்றே ஒழுங்கையின் நிலையைக் காட்டிவிடும். சாப்பிட்டதும் மிச்சச் சோற்றோடு சுருட்டி எறிந்தால், காகம் அதைத் தேடி முழுப் பையையும் கொத்தும். விரித்து, மிச்சத்தை உதறி, ஒரு கை தண்ணீரில் அலசி, கொடியில் கொழுவினால் அரை நிமிடம். காய்ந்த தாளுக்கு ஒரு நாயும் வராது. யோகட் கப்புக்கும் பால்மாப் பைக்கும் இதே கதைதான். உலர்ந்த குப்பை உலர்ந்தே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரித்ததன் பயன் அரைவாசி போய்விடும்.

நிறங்களைப் பலர் கேட்கிறார்கள். நாட்டில் பாவிக்கிற முறைப்படி பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. வீட்டில் ஐந்து வாளி வைக்க முயன்றவர்கள் ஒரு மாதத்தில் கைவிடுகிறார்கள். குசினியில் ஒன்று, வெளியே இரண்டு சாக்கு, உடைந்ததும் கூரானதும் போட ஒரு ரின் போதும். பழைய இரும்பு, போத்தல், பேப்பர் எடுக்க வருபவருக்கு ஒரு சாக்கு, சபை வண்டிக்கு ஒரு சாக்கு.

கூரான பொருளைப் பற்றி மனம் பதைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அள்ளுகிற தொழிலாளர் பலர் கையுறை இல்லாமல், அல்லது கிழிந்த கையுறையோடு பையைத் தூக்குகிறார்கள். இன்சுலின் ஊசியை ஒரு தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று எழுதுங்கள். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி ரின்னில் போட்டு, கொடுக்கும்போது "அண்ணை, இதுக்குள்ள கண்ணாடி கிடக்கு, கவனம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பம்பர்ஸையும் அணையாடையையும் பேப்பரில் சுற்றித் தனிப் பையில் கட்டவேண்டும். மலசலகூடக் குழிக்குள் போட்டால் குழி அடைபட்டு, அதை உறிஞ்ச வருகிற பவுசருக்கு இரட்டிப்பு வேலை.

சிரட்டை, யோகட் கப், ரயர், கொழுவிவைத்த பையின் மடிப்பு, எதில் தண்ணீர் நின்றாலும் டெங்கு நுளம்பு ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து, முதல் மழையில் பொரிக்கும். அதனால் மழை தொடங்கியபின் துப்புரவாக்குவது பிந்தியது. புரட்டாதியில் ஒருமுறை, பிறகு கிழமைக்கு ஒருமுறை. பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தும்பால் தேய்க்கவேண்டும், முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். பிரித்துக் கொடுத்ததை ஒரே பெட்டியில் கொட்டுவதைக் கண்ணால் கண்டவருக்கு ஆத்திரம் வருவது நியாயம். உழவு இயந்திரப் பெட்டி ஒன்றுதான், தடுப்பு இல்லை. ஆனால் ஒழுங்கையில் 20 வீடு உலர்ந்ததை மட்டும் கொடுக்கத் தொடங்கினால் பெட்டியில் கலப்பதற்கே ஈரக் குப்பை இருக்காது. நாலு வீட்டார் சேர்ந்து நாள் வகுத்துக் கேட்பதும் நடக்கிற காரியம்: செவ்வாய் உலர்ந்தது, மற்ற நாளில் மிச்சம் என்று. சாரதியிடம் நேரே "தம்பி, செவ்வாய்க்கிழமை பிளாஸ்ரிக் மட்டும் வைக்கிறம்" என்று சொன்ன ஒழுங்கைகளில், கடதாசியில் எழுதிக் கொடுத்ததை விடச் சீக்கிரம் பழக்கம் ஏற்படுகிறது.

அள்ளியது எங்கே போகிறது என்பதையும் நினைக்கவேண்டும். நகரக் குப்பை கடலேரிக் கரையோரக் கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே தீப்பற்றினால் புகை பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போகும். குவியலுக்குள் ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது உண்டாகிற வாயுவும் எரியக்கூடியது. 2017 ஏப்ரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். நகரத்தவர் "எங்கட படலையை விட்டுப் போனாச் சரி" என்று நினைக்கும்போது, கல்லுண்டாய்ப் பக்கத்தவர் அதையே "எங்கட படலைக்கு வந்திட்டுது" என்று சொல்கிறார்கள்.

முறைப்பாடு கொடுக்கிற விதத்தால்தான் பல முறைப்பாடுகள் விழுந்துபோகின்றன. "குப்பை எடுக்கிறதில்லை" என்று எழுதினால் பதில் வராது. வரி இலக்கம், ஒழுங்கையின் பெயர், எந்தத் திகதிகளில் வண்டி வரவில்லை, கடைசியாக வந்த திகதியும் நேரமும், எத்தனை வீடு பாதிக்கப்பட்டது என்று எழுதி, படம் இரண்டு வைத்து, நகலில் திகதி முத்திரை வாங்குங்கள். நுளம்பு அல்லது வெற்றுக்காணிக் குப்பை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே வரை தெரிவான உறுப்பினர் இருக்கவில்லை; அந்த இரண்டு வருடத்தில் பலர் எங்கே போவது என்று தெரியாமல் பேசாமல் விட்டுவிட்டார்கள். இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார். அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. உங்கள் ஒழுங்கைக்கான வண்டி அட்டவணையும், கடந்த மூன்று மாத ஓட்டப் பதிவும் வேண்டும் என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானம் சொல்லவேண்டும். அட்டவணை கைக்கு வந்ததும் அதைப் பெரிதாக எழுதி ஒழுங்கை முகப்பில் ஒட்டுங்கள், சாரதிக்கும் தெரிகிற உயரத்தில்.